ஸ்டூல் அண்ணாச்சியின் ஜீப் டயர்கள்

சொந்தக் காரில் ஏறுவதற்கு டிக்கியில் ஸ்டூல் வைத்திருக்கிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தென்காசியில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிறார். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். எங்களுக்கு அவர் ஸ்டூல் அண்ணாச்சி.

எல்லாவற்றுக்கும் காரணம் வீரகேரளம்புதூரில் அவருக்கு இருக்கும் வயல்தான். அங்கே போகிற வண்டிப்பாதையில் அண்ணாச்சியின் பழைய அம்பாசிடருக்கு அடிவயிறு தட்டிக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் டயர் கடையில் போய் ஜீப் டயர் கேட்டார்.

"அண்ணாச்சி, இந்த வண்டிக்கு அது சேராது" என்றார் கடைக்காரர்.

"சேரலன்னா சேத்து வையும். கல்யாணமெல்லாம் அப்படித்தான நடக்கு?"

சேர்த்து வைத்தார்கள். வண்டி எழும்பி நின்றது. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மதினி என்போம். அவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "நான் என்ன யானை மேலயா ஏறப் போறேன்?" என்று வீட்டுக்குள் போய்விட்டார். மறுநாள் ஸ்டூல் வந்தது. ஐந்தருவியில் மதினி அதன் வழியாக இறங்கினால், குளிக்க வந்த கூட்டம் அருவியை விட்டுவிட்டு இதைப் பார்க்கும்.

ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசி அரைக்கும். அதனால் அண்ணாச்சி ஒடிக்கவே மாட்டார். பக்கத்துத் தெருவுக்குப் போகக் கோயிலைச் சுற்றி வருவார். டயர் பெரிதானதால் ஸ்பீடோமீட்டர் வேறு குறைத்துக் காட்டும். "நாப்பதத் தாண்டுனதே இல்லலே" என்று அவர் பெருமையடிக்கும்போது, பின்சீட்டில் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்போம்.

போன வருஷம் குற்றாலச் சீசனில் அந்த வண்டிக்கு எஃப்.சி., அதாவது ஆர்.டி.ஓ. ஆபீசில் தகுதிச் சான்று வாங்கும் நாள், வந்தது. ஜீப் டயரோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெடு அன்றோடு முடிகிறது. தவறினால் வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது. அண்ணாச்சிக்கோ அந்த வண்டிதான் உயிர். என் அப்பாவின் காரும் அதே அம்பாசிடர் என்பதால் விடிந்ததும் வந்து நின்றார்.

"ஏலே, நாலு சக்கரத்தயும் கழட்டித் தா. மத்தியானம் கொண்டாந்துருதேன்."

எஃப்.சி.க்கு டயர் இரவல் வாங்குவது எங்கள் பக்கம் சகஜம். கொடுத்தேன். எங்கள் கார் செங்கல் மேல் உட்கார்ந்தது. அவர் போன கொஞ்ச நேரத்தில், நிறைமாதமாக இருந்த என் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. ஆட்டோ எல்லாம் குற்றாலத்துக்குச் சவாரி போயிருந்தது. ஆம்புலன்ஸ் அருவிக் கூட்டத்தில் மாட்டியிருந்தது. அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, அவளுக்கு வலி வந்துட்டு. எங்க இருக்கிய?"

"முன்னால ஒரே வண்டிதான் நிக்குது. அடுத்தது நம்மதான்." வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது. "போன வையி. வருதேன்."

வரிசையை விட்டே வந்துவிட்டார். மதினி ஓடிவந்து என் மனைவியை மடியில் சாய்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ஹாரனில் வைத்த கையை அண்ணாச்சி எடுக்கவே இல்லை.

"உங்க எஃப்.சி. போச்சே அண்ணாச்சி" என்றேன்.

"அதுக்கு வேற தேதி வாங்கிக்கிடலாம்லே. பிள்ளகிட்ட வாங்க முடியுமா?"

நர்ஸ் சொன்ன மருந்தை வாங்கிக்கொண்டு நான் மூச்சிரைக்க ஓடிவந்தபோது, என் மகள் பிறந்து அண்ணாச்சியின் கையில் இருந்தாள். "தாத்தாதானே?" என்று நர்ஸ் கேட்டாராம். "ஆமா" என்று சொல்லி வாங்கிக்கொண்டாராம். இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் அதைத் திருத்தவில்லை.