காட்டுப்பாக்கத்து மனையில் வெள்ளெருக்கு பூத்த விவரம்

ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், ஆவடி
3-2-1991

மதிப்பிற்குரிய மச்சான் கஜபதி அவர்களுக்கு, தங்கள் தங்கை வசந்தகுமாரியின் புருஷன் பரந்தாமன் வணங்கி எழுதுவது. இவ்விடம் நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே காண்க. வேலூரில் தாங்களும் அக்காவும் எல்லா அளவிலும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள்.

நாம் இருவரும் காட்டுப்பாக்கத்தில் அடுத்தடுத்து மனை வாங்கியபோதே கடைக்கால் தோண்டி வீட்டைக் கட்டிவிடலாம் என்று நான் துடித்தேன். அவசரப்படாதீர்கள் மாப்பிள்ளை, உங்களுக்கு பிரஷர் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் மனையில் போய் உட்கார்ந்து காட்டுப்பூக்கள் பூப்பதைப் பாருங்கள், பிரஷர் தானாக இறங்கும் என்று எழுதினீர்கள். எந்தப் பத்திரிகையில் படித்தீர்களோ. சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டே காலம் தள்ளியவனுக்கு யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிற பழக்கம். கேட்டேன்.

மழை விட்டதும் தும்பை பூத்தது. பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. அவ்வளவு சின்னப் பூவைக் குனிந்து பார்க்க எனக்கு இத்தனை வயதுவரை நேரம் கிடைக்கவில்லையே என்று கண்கூடக் கலங்கியது. அடுத்த வாரம் போனால் ஒரு பூ இல்லை, எல்லாம் நாகம்மாவின் ஆடுகள் வயிற்றில். நாகம்மா அந்த ஊர்க்காரம்மா. மனைக்கல் நடுவதற்கு முன் எங்கே மேய்த்தாரோ அங்கேயே இன்றும் மேய்க்கிறார், கல்லை ஆடுகள் மதிப்பதில்லை. பிறகு நெருஞ்சி பூத்தது. அந்த மஞ்சளை ரசிக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் வசந்தகுமாரி ஊக்கால் முள் எடுத்தாள். எங்கிருந்தெல்லாம் எடுத்தாள் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. ஊமத்தை இருட்டினால்தான் விரியும் என்றார்கள். காத்திருந்து பார்த்தேன். பஸ்ஸை விட்டுவிட்டுப் பூந்தமல்லி வரைக்கும் நடந்தேன். பிரஷர் இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

இப்படி இருக்கையில்தான் சமையலறைக்கென்று நாங்கள் குறித்துவைத்த மூலையில் ஓர் எருக்கஞ்செடி மொட்டு விட்டது. முள் கிடையாது, நாகம்மாவின் ஆடுகளும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன, ஆகவே அதற்கு என் முழு ஆதரவையும் அளித்தேன். மொட்டு விரிந்தால் ஊதா இல்லை, சுத்த வெள்ளை. என் வாய் சும்மா இருந்ததா? நாகம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த அம்மா கையிலிருந்த தொரட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளெருக்கு நைனா இது. வேருல புள்ளையாரு குந்திகினு கீறாரு. இதும்மேல கை வெச்சா ஊடு வெளங்காது."

மறுவாரம் செடிக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் சுற்றிலும் செங்கல் மேடை. பிறகு ரோட்டோர டீக்கடை உத்தமன் கோயில் கமிட்டிக்குத் தலைவராகி, தகரக் கொட்டகை போட்டு, மைக் செட்டும் கட்டிவிட்டார். என் மனைக்குள் நான் நுழைய வேண்டுமென்றால் செருப்பைக் கழற்ற வேண்டுமாம். உத்தமன் என்னை வருகிறவர்களிடமெல்லாம் வெளியூர் பக்தர் என்று அறிமுகப்படுத்துகிறார். சரி, பூவையாவது பார்ப்போம் என்றால், மொட்டாக இருக்கும்போதே பறித்து மாலை கட்டிவிடுகிறார்கள். பூப்பதைப் பார்க்கப் போனவன் பூக்காத செடியைப் பிரதட்சிணம் வந்துகொண்டிருக்கிறேன்.

மச்சான், விளையாட்டுப் பேச்சு போதும். மே மாதம் எனக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அளவெடுக்க வந்த மேஸ்திரி எருக்கைக் கும்பிட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். இந்த வயசில் வாடகை வீடு தேடி அலைய வேண்டுமா என்று உங்கள் தங்கை ஒரு தரம்தான் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை, தூங்கவும் இல்லை. எனக்கு பயமாக இருக்கிறது. போன கடிதத்தில் இதைச் சுருக்கமாக எழுதினதற்குத் தாங்கள் ஒரு கார்டில், சாமியே தேடி வந்திருக்கிறது, அனுசரித்துப் போங்கள் என்று பதில் போட்டீர்கள். தங்கள் மனை சுத்தமாக இருக்கிறது, தாங்கள் தாராளமாகச் சொல்லலாம். தயவுசெய்து உடனே புறப்பட்டு வந்து, நாலு பெரிய மனிதர்களிடம் பேசி, என் மனையை எனக்கு மீட்டுக் கொடுக்கவும்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் தீர்க்காயுசாக, சொந்த வீட்டில், பூச்செடி எதுவும் வளர்க்காமல் வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை
பரந்தாமன்

பி.கு.: கடிதத்தைத் தபாலில் போடாமல் ஒரு வாரம் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. தாங்கள் வர வேண்டாம். தங்கள் மனையின் நட்டநடுவே இன்னொரு வெள்ளெருக்கு வந்திருக்கிறது. செடியைச் சுற்றி மண் கொத்தியதுபோல் இருப்பது எலியின் வேலை. ஒரு மொட்டு விரிந்ததைக் கண்குளிரப் பார்த்தேன், அவ்வளவு ஆனந்தம். நாகம்மாவிடம் மட்டும்தான் சொன்னேன். மூலையில் இருப்பதைவிட நடுவில் இருப்பதுதான் விசேஷம் என்று உத்தமன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பழைய செடிக்குப் பூஜை போட்டு உத்தரவு வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அங்கே மாற்றுகிறார்கள். திங்கட்கிழமை மேஸ்திரி எனக்குக் கடைக்கால் தோண்ட வருகிறார். தங்கள் மனையில் கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். 'இடம் உபயம்: கஜபதி, வேலூர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனிஷியல் போட வேண்டுமா என்பதை மறு தபாலில் தெரிவிக்கவும்.