ஆல்டர் அக்காவின் கையெழுத்து

உலகத்தில் உள்ள சகல வஸ்துக்களையும் மூன்றே வகையாகப் பிரித்துவிடலாம் என்று கண்டுபிடித்தவர் ஆல்டர் அக்கா. ஓகே, ஆல்டர், ரிஜெக்ட். அவ்வளவுதான். இட்லி, டவுன் பஸ், கல்யாண மாப்பிள்ளை, அரசாங்கத் திட்டம் எதுவும் இந்த மூன்றுக்குள் அடங்காமல் போனதில்லை. அவரிடம் ஓகே வாங்கியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தப் பட்டியலில் மனிதர் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியாது.

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அக்காவுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை மேஜையில் விரித்து, உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, பிரித்துத் தைக்கத் திருப்பி அனுப்ப வேண்டும். அப்படித் திரும்பிப் போவதுதான் ஆல்டர். மற்றவர்கள் ஷிப்ட் முடிந்ததும் அந்த வேலையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அக்கா ஸ்டிக்கரைப் பர்ஸில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். பஸ்ஸில் கிழிந்த சீட்டு, தெருவில் ஒழுகும் குழாய், பேக்கரியில் விரிசல் விட்ட டீ கிளாஸ் என்று அவர் போன வழியெல்லாம் அம்புக்குறி இருக்கும்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள்.

நான் அப்போது திருப்பூரில் கல்லூரி மூன்றாம் ஆண்டு. மாணவர்கள் ஏழு நாள் மக்களோடு தங்கிச் சேவை செய்து பழக வேண்டும் என்று ஒரு முகாம். பையன்களுக்குப் பள்ளிக்கூட வராந்தா, பெண்களுக்கு ஆளுக்கொரு வீடு. எனக்கு ஒதுக்கியது, அக்காவின் வீடும் சேர்த்து நாற்பத்திரண்டு கதவுகள் கொண்ட, ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீட்டு வரிசை. வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் எழுத வேண்டும். கடைசி நாளில், தங்கிய வீட்டுக்காரர் ‘வேலை சரி’ என்று கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் சமூகப்பணி மேற்படிப்புக்கு என் விண்ணப்பத்தைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். உடுமலைப்பேட்டையில் என் அப்பாவோ ஒரு மாப்பிள்ளையின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் தோல்விக்காகக் காத்திருந்தார். ஆக, என் வாழ்க்கை ஒரு கையெழுத்தில் தொங்கியது. பேனா ஆல்டர் அக்காவிடம் இருந்தது.

வாசலில் நின்றவளைத் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நான் வணக்கம் சொன்னது அவர் காதில் விழவில்லை. முகாமில் எங்களுக்குக் கொடுத்திருந்த டீ ஷர்ட்டின் தோள்பட்டையை இரண்டு விரலால் இழுத்தார்.

“எந்தக் கம்பெனி தெச்சது இது? ஒரு தோளு மேல, ஒரு தோளு கீழ. நெஞ்சுல என்ன எழுதியிருக்குது?”

“மக்களோடு மக்களாகன்னு போட்டிருக்குதுங்கக்கா.”

“மக்கள் இப்பிடித் தெக்க மாட்டாங்க கண்ணு. ஆல்டர். கழட்டிக் குடு.”

அன்று மாலையே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். முகாமில் நேரான தோள்களோடு சேவை செய்த ஒரே மாணவி நான்தான்.

இரண்டாம் நாள் சாக்கடை தூர்வாரினோம். காலை பதினோரு மணிக்கு, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, முகாமுக்குப் பொறுப்பான எங்கள் கல்லூரி சார் விதவிதமாகப் போட்டோ எடுக்க, அள்ளிய சேற்றைக் கரையிலேயே மலைபோலக் குவித்தோம். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் டீ டைம் விட்டு அக்கா வந்து நின்றார். குவியலைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார்.

“ஏனுங் சார், உள்ள இருந்து எடுத்து விளிம்புல வெச்சிருக்கீங்க. ஒரு மழை பேஞ்சா அது பாட்டுக்கு அது ஊட்டுக்குப் போயிருமுங்களே. ஆல்டருங்க.”

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, புள்ளைங்க படிப்ப விட்டுட்டு வந்து சேவை செய்யறாங்க. அதுலயும் குத்தம் சொன்னா எப்படி?”

“சேவைன்னா சைஸ் தப்பா இருந்தாலும் போட்டுக்கோணுமுங்களா சார்?”

மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாமல்தான் கேட்டார். சேற்றை அள்ளிக்கொண்டு போக சார் வண்டிக்கு ஏற்பாடு செய்யப் போனபோது அவர் சட்டைக் காலரில், பின்னால் நூல் பிரிந்திருந்த இடத்தில், ஒரு சிவப்பு அம்புக்குறி இருந்தது. சாயங்காலம் வரை நாங்கள் யாரும் அதை அவரிடம் சொல்லவில்லை. நாங்களும் மனிதர்கள்தானே.

இவ்வளவையும் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்றாம் நாள் படிவக் கட்டை எடுத்துக்கொண்டு என் லைன் வீடுகளுக்குப் போனேன். நாற்பத்திரண்டு கதவிலும் பூட்டு. திருப்பூர் பக்கம் பகலில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்? எல்லோரும் கம்பெனியில் இருந்தார்கள். இந்த ஊரில் மூன்று வருடம் படித்தவளுக்கு அது தெரியாமல் போனதுதான் வேடிக்கை. மறுநாளும் போனேன், மறுநாளும் பூட்டு. நாள் குறைந்துகொண்டே வந்தது. ஜாதகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் அந்த வரிசை முழுவதையும் குடும்பங்களால் நிரப்பிவிட்டேன். எல்லோருக்கும் தாராளமாகக் குழந்தைகள் கொடுத்தேன்.

மாலை ஐந்தரைக்கே அக்கா வந்துவிட்டார். நான் இருந்த வாரம் முழுவதும் இரவு எட்டரை மணி வரை ஓடும் கூடுதல் அரை ஷிப்டை வேண்டாமென்று சொல்லிவிட்டதாகப் பிறகுதான் தெரிந்தது. என்னிடமிருந்து படிவக் கட்டை வாங்கி, ஒவ்வொன்றையும் பீஸை விரிப்பதுபோல் தரையில் விரித்தார்.

“பதினேழாம் நம்பர் ஊட்ல புருஷன், பொண்டாட்டி, ரெண்டு குழந்தைங்களா?”

“ஆமாங்கக்கா.”

“அங்க ஒடிசாப் பசங்க ஆறு பேரு இருக்கறாங்க. அதுல யாரு கண்ணு பொண்டாட்டி?”

அக்காவே அடுத்த படிவத்தை எடுத்தார்.

“இருபத்திமூணுல எட்டுப் பேரா?”

“கூட்டுக் குடும்பமுங்க…”

“அது ஊடே இல்ல. கட்டிங் வேஸ்ட் போட்டு வெச்சிருக்கற குடோனு. அத்தன பேரும் துணி மூட்டைக்குள்ளயா படுத்திருக்கறாங்க?” படிவங்களை அடுக்கி என் மடியில் வைத்தார். “ரிஜெக்ட்.”

“ஆல்டர் பண்ணக் கூடாதுங்களா அக்கா?”

“ஆல்டர்னா பிரிச்சுத் தெக்கலாம். இதுல துணியே இல்ல சாமி.”

கையெழுத்துக் கேட்டு அழுதேன். கெஞ்சினேன். ஜாதகத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். “மாப்பிள்ளை என்ன பண்றாரு?” என்று மட்டும் கேட்டார். தேங்காய் மண்டி என்றேன். யோசித்துவிட்டு, “படிக்கப் போ. ஆனா இதுல கையெழுத்துக் கெடையாது” என்றார்.

மீதி இருந்த நாட்களில் என்னைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. காலை ஆறரைக்கே எழுப்பி, பல் விளக்கிக்கொண்டிருப்பவர்கள் முன்னால் நிறுத்தினார். டீ டைமில் பேக்கரி வாசலில் நிறுத்தினார். ஒடிசாப் பையன்களிடம் எத்தனை பேர் என்று அவரே இந்தியில் விசாரணை நடத்தினார். “தும் கித்னா ஆத்மி? சரியாச் சொல்லு பையா, நஹி தோ ரிஜெக்ட்!” அவர்கள் நடுங்கிப்போய், ஊரில் இருக்கும் தாத்தா பாட்டி வரைக்கும் ஒப்பித்தார்கள்.

முப்பதாம் நம்பரில் ஒரு திருநெல்வேலிக்காரம்மா இருந்தார். படிவத்தில் உள்ளபடி, குடிதண்ணீர் வருகிறதா, ஆமா இல்லையா என்று கேட்டேன்.

“ஏட்டி, தண்ணி வருதான்னு கேக்கியே, எப்ப வருதுன்னு கேட்டியா? காலைல பத்து மணிக்கு வருது. அப்ப நாங்க மெஷின்ல இருக்கோம். பூட்டுன கதவு வந்து தண்ணி பிடிக்குமா?”

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. ‘ஆம்’ என்று எழுதப் போன என் கையை அக்கா பிடித்துக்கொண்டார். கட்டத்துக்கு வெளியே ஓரத்தில், நாற்பது படிவத்திலும் அதை எழுத வைத்தார். பிறகு தண்ணீர் விடும் நேரம் மாறியது. எங்கள் படிவத்தால்தான் என்று அக்கா இன்றுவரை அடித்துச் சொல்கிறார். எனக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை.

ஏழாம் நாள். எல்லோரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். முகாம் சார் கீழே நின்று வாட்சைப் பார்க்கிறார். குடோனைக் கழித்தால் நாற்பத்தொரு படிவம் வேண்டும். என்னிடம் நாற்பதுதான் இருந்தது. பாக்கி இருந்த ஒன்று அக்காவின் வீடு. எப்போது கேட்டாலும் “கடைசீல பாத்துக்கலாம்” என்று தள்ளிவிட்டிருந்தார். அக்கா தனி ஆள். ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஒரு நிமிட வேலை என்று நினைத்து, அவர் வாயைத் திறப்பதற்குள் ‘குடும்பத்தில் உள்ளவர்கள்: ஒன்று’ என்று எழுதி நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். பேனாவை மூடிவிட்டார்.

“ஏனுங்கக்கா, பஸ்ஸு கெளம்புது!”

“தப்பா எழுதியிருக்கற.”

“நீங்க ஒருத்தர்தானுங்களே?”

“இந்த ஊட்ல ரெண்டு பேரு இருக்கறம். அந்த பஸ்ஸு கெளம்பற வரைக்கும் ரெண்டு பேருதான். சரியா எழுது கண்ணு.”

ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினேன். ஒருமுறை படித்தார், இன்னொரு முறையும் படித்தார். பிறகு பொறுமையாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். நான் ஏறி உட்கார்ந்து, பஸ் தெருமுனை திரும்பும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கையசைக்கவில்லை. பஸ்ஸின் பின்பக்க விளக்கில் ஏதோ கோளாறு என்று டிரைவருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் கல்லூரியில் சார் படிவங்களைச் சரிபார்த்தார். கடைசிப் படிவத்தில் அவர் பேனா நின்றது. “அந்தம்மா தனியாத்தானே இருக்காங்க? ரெண்டுன்னு எழுதியிருக்கே. தப்பில்லையா?”

“இல்லீங்க சார், அக்காவே செக் பண்ணிட்டாங்க” என்றேன்.