ஈரத்துணியில் சுற்றிய சுருட்டு

சுருட்டு வீங்கியிருந்தது.

சந்திரகுமார் ஈரத்துணியை முழுதாக விரித்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை கம்பீரமாக இருந்த கியூபாச் சுருட்டு, ஞாயிறு காலையில் கதலி வாழைப்பழம் மாதிரி ஊதிப்போய்க் கிடந்தது.

"சிவகலா! இஞ்ச ஒருக்கா வா! நீ சொன்ன வேலை என்ன செய்திருக்கெண்டு வந்து பார்!"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"வாடாமல் எப்பிடி வைக்கிறதெண்டு கேட்டீங்கள். வெத்திலையை ஈரத்துணியிலதானே சுத்தி வைக்கிறது? சுருட்டும் இலைதானே?"

நியாயமான பேச்சு. அதனாலேயே அவருக்கு எரிச்சல் கூடியது. மத்தியானம் சகலன் சச்சிதானந்தன் லோசான் நகரத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கப்போகிறார். இந்த வாழைப்பழத்தை அவரிடம் எப்படி நீட்டுவது?

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் படம்தான்.

சிவகலாவின் அக்காவைக் கட்டிய சச்சிதானந்தன், போன மாதம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். பல்கனி, பின்னால் ஏரி, கறுப்புக் கண்ணாடி, வாயில் இத்தனை பெரிய சுருட்டு. பற்றவைக்கக்கூட இல்லை, அதற்குள் அப்படியொரு பந்தா! உதட்டோரத்தில் மண்ணிறச் சாறு வேறு கசிந்திருந்தது. நன்றாகப் பழகின வாய் என்று சந்திரகுமார் முடிவுகட்டிவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்திருப்பார். சகலனின் புதுக் காரையே பொறுத்தவர். ஆனால் படத்துக்குக் கீழே சிவகலா எழுதியிருந்தாள்: 'அத்தான், பார்க்கவே ஆசையா இருக்கு!' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம்.

கல்யாணம் கட்டின நாளிலிருந்து சந்திரகுமாரைப் பார்த்து அவள் சொன்னதெல்லாம், "சேர்ட்டை மாத்துங்கோ, வேர்வை மணக்குது" என்பதுதான். மனுசனுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரே ஒரு தடவை, தன்னைப் பார்த்தும் அவள் 'ஆசையா இருக்கு' என்று சொல்லவேண்டும். அதுவும் அந்தச் சகலனின் முன்னால்.

அதற்கேற்ற மாதிரி, சுவிஸின் துன் நகரத்தில் அவர் வேலை செய்யும் ஹோட்டலுக்கு வெள்ளிக்கிழமை கியூபாக்காரர் ஒருவர் வந்தார். விருந்தினர் பார்த்திருக்க இலையை அடுக்கி, உருட்டி, சூடு தணியாத இடியப்பம் மாதிரிப் புதிது புதிதாகச் சுருட்டுச் சுற்றிக் கொடுத்தார். வெறும் கோப்பை எடுக்கிற சாட்டில் சந்திரகுமார் பக்கத்திலேயே நின்றார். ஒரு பெரியவர் புகையை வாயில் வைத்திருந்து மெல்ல விட்டு, "முதல்ல மண் வாசம். பிறகு தேவதாரு. கடைசியாக் கொஞ்சம் தேன்" என்று ஜெர்மனில் உருகினார். சந்திரகுமார் மூன்றையும் மனப்பாடம் செய்துகொண்டார்.

கடையைக் கட்டும்போது கியூபாக்காரர் அவருக்கும் ஒன்றை நீட்டினார். "ஹொய்டெ, ஹொய்டெ" என்று தனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லை இரண்டு முறை சொன்னார். ஹொய்டெ என்றால் இன்றைக்கு; ஈரம் காயுமுன் இன்றைக்கே பிடி என்று அர்த்தம்.

இன்றைக்கே பிடித்தால் சகலன் எப்படிப் பார்ப்பார்? சந்திரகுமார் வீட்டுக்குக் கொண்டுவந்து வெற்றிலை வைத்தியம் பார்த்த கதை இதுதான்.

இப்போது வீக்கத்தை வற்றவைக்கவேண்டும். குளியலறைக்கு ஓடி, சிவகலா தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்து, சுருட்டின் மேல் முழு வேகத்தில் பிடித்தார். வீக்கம் வற்றியது. சந்தோசத்தில் இன்னும் கொஞ்சம் பிடித்தார். சடாரென்று மேல் இலை நீளத்துக்கு வெடித்தது.

"ஐயோ!"

"என்ன, கை சுட்டுப்போட்டுதோ?"

"சோறு வெந்திட்டுதோ? கொஞ்சம் தா, கெதியா!"

நாலு பருக்கையை நசித்து வெடிப்பில் பூசி, உள்ளங்கையால் உருட்டி ஒட்டினார். சிவகலா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உது இப்ப சுருட்டில்லை, கொழுக்கட்டை. பீடிகூடப் பிடிக்காத மனுசனுக்கு ஏனப்பா உந்தக் கூத்து?"

"இது ஆம்பிளையளின்ர விசயம். உனக்கு விளங்காது."

மத்தியானம் சச்சிதானந்தன், மனைவி செல்வராணி, மகள் கிருசிகா மூவரும் வந்தார்கள். ஆட்டுக்கறியும் சோறும் முடிந்ததும் சந்திரகுமார் சகலனைப் பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வெள்ளித் தட்டில் சுருட்டை வைத்து நீட்டினார்.

"அண்ணை, என்ர கண்ணுக்கு முன்னால கியூபாக்காரன் சுத்தினது. நீங்கள் பழகின ஆள், முதல்ல நீங்கள் பிடியுங்கோ."

சச்சிதானந்தனின் முகம் கறுத்தது. அதைப் பார்த்த சந்திரகுமாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. எரியட்டும், நன்றாக எரியட்டும்!

"உம்மட வீடு. நீர் முதல்ல பிடியும், தம்பி."

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கெல்லோ, அண்ணை."

தப்ப வழியில்லாமல் சச்சிதானந்தன் அதை வாயில் வைத்தார். தீப்பெட்டி பாதி காலியாகும்வரை சுருட்டுப் பற்றவில்லை. பற்றியபோது அடிப்பிடித்த சோற்றின் மணம் வந்தது. சச்சிதானந்தன் பலமாக ஒரு இழுவை இழுத்தார். கண் இரண்டும் பிதுங்கி, தாரை தாரையாகத் தண்ணீர் ஓடியது.

"எப்பிடி அண்ணை?"

"ம்... நல்ல... தானிய வாசம்."

தானிய வாசமா? ஹோட்டல் பெரியவரே கண்டுபிடிக்காத வாசம்! ருசித்து அழுகிறானே பாவி! பொறாமை தாங்காமல் சந்திரகுமார் சுருட்டைப் பறித்து, நெஞ்சு நிறைய இழுத்து, அப்படியே விழுங்கினார்.

மண் வாசம் வரவில்லை. தேவதாருவும் தேனும் வரவில்லை. ஆட்டுக்கறிதான் தொண்டைவரை வந்தது. தலை சுற்றி, பல்கனிக் கம்பியைக் கட்டிப்பிடித்தார். மற்றப் பக்கத்துக் கம்பியைச் சச்சிதானந்தன் ஏற்கெனவே பிடித்திருந்தார்.

"அருமை, தம்பி."

"ஓம் அண்ணை... அருமை."

கதவு திறந்தது. சிவகலா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன நாத்தமப்பா இது? ரெண்டு பேரும் ஏன் முகம் வெளிறி நிக்கிறியள்?"

சந்திரகுமார் மிச்சமிருந்த உயிரைத் திரட்டி நிமிர்ந்தார். சுருட்டை வாயோரத்தில் செருகி, படத்தில் சகலன் நின்ற மாதிரியே முகத்தைத் திருப்பினார்.

"சிவகலா... இப்ப என்னைப் பார்க்க ஆசையா இருக்கோ?"

"ஆசையோ? பார்க்கப் பாவமா இருக்கு."

சிவகலாவின் பின்னால் கிருசிகா ஒரு பெட்டியோடு வந்தாள். சச்சிதானந்தன் மகளைப் பார்த்து வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார். புகைக்குள் அது அவளுக்குத் தெரியவில்லை.

"சித்தி, தர மறந்துபோனன். ஆசையா இருக்கெண்டு எழுதினீங்களெல்லோ, அந்தப் படத்தில அப்பா வாயில வைச்சிருந்த அதே சொக்லேட்!"