எதிர் நாற்காலிக்கு ஒரு கிளாஸ் தண்ணீர்

அன்பும் பொறுமையும் உள்ள மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உங்கள் அக்கா நலம், எனக்குத் தலைவலி. ‘இருவரும்’ என்று எழுதியது சரிதானா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள், கடையில் வியாபாரமும் நன்றாக நடக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடித்ததும் நீங்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். உங்கள் அக்காவுக்குப் போன் செய்து, கொஞ்ச நாள் வந்து தங்கும்படி கூப்பிடுங்கள். நான் சொன்னால் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறாள். அவளை இங்கே விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பவும் முடியாது. காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்றபோது உங்கள் கடையிலிருந்து ஒரு பெட்டி சிவப்பு வைன் அனுப்பினீர்கள் அல்லவா, அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. குறை சொல்வதற்காக எழுதவில்லை, வைன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்திலேயே காலத்தைக் கழித்தவன் நான். கண்ணாடிக் குவளையில் நிறமுள்ள எதையாவது பார்த்தால் அறிக்கை எழுதத் தோன்றுமே தவிர, குடிக்கத் தோன்றாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு கிளாஸ் குடித்தேன். காலையில் நெற்றிக்குள் யாரோ அலமாரியை இழுத்து நகர்த்துவதுபோல வலித்தது. கீழ்வீட்டுப் பல் மருத்துவரிடம் கேட்டேன். “வெறும் வயித்துல குடிச்சிருப்பீங்க சார்” என்றார். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தேன். தலைவலியோடு வயிற்றுவலியும் சேர்ந்துகொண்டது. பரிசோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்த கெமிஸ்ட், பாட்டிலைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றுப்பட வைத்தால் வலி வராது என்றார். வைத்தேன். ஓர் ஈ வந்து விழுந்தது. அதை எடுத்து ஜன்னலில் விட்டதும் அது நேராகப் பறக்கவில்லை, அதற்கும் வலித்திருக்க வேண்டும். உங்கள் அக்கா, “தலைவலி வராம இருக்கக் குடிக்காம இருந்தாப் போதும். இதுக்குப் போய் ஊரையெல்லாம் யோசனை கேட்டுக்கிட்டு” என்றாள். கடைசியாக உங்களுக்குப் போன் செய்தேன். “அத்தான், ஒரு கிளாஸ் வைனுக்கு ஒரு கிளாஸ் தண்ணி. அவ்வளவுதான் விஷயம்” என்றீர்கள்.

தண்ணீரை நான் குடிக்க வேண்டும் என்று நினைத்து நீங்கள் அதைச் சொன்னீர்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் கூடத்தில் எதைச் சோதித்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க அதே அளவு சுத்தமான தண்ணீரை இன்னொரு குவளையில் வைப்போம். அந்தக் குவளையை யாரும் தொடக் கூடாது. அந்தப் பழக்கத்தில், என் கிளாஸில் வைனை ஊற்றிக்கொண்டு, அதே அளவு தண்ணீரை மேஜையின் எதிர்ப் பக்கத்தில், உங்கள் அக்கா உட்காரும் நாற்காலிக்கு நேராக வைத்தேன். அவள் முன்னாலேயே சாப்பிட்டுவிட்டு உள்ளே போயிருந்தாள். அந்த வெற்று நாற்காலியைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். காலையில் எழுந்தால், மச்சான், தலை இருப்பதே தெரியவில்லை. துளி வலி கிடையாது. சந்தோஷமாகச் சாப்பாட்டறைக்கு வந்தேன். எதிரில் இருந்த தண்ணீர் பாதியாகக் குறைந்திருந்தது.

ஆவியாகியிருக்கும் என்று நினைக்க என் தொழில் இடம் கொடுக்கவில்லை. மறுநாள் கிளாஸில் ஒரு காகிதத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டேன். காலையில் தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது. எனக்குத் தலைவலி இல்லை. உங்கள் அக்காவிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். சோதனை நடப்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் முடிவு கெட்டுவிடும் என்பது நாங்கள் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம். அடுத்து வந்த ஒரு காலையில் கிளாஸ் காலியாக இருந்தது. பக்கத்தில் தலைவலித் தைல டப்பா திறந்து கிடந்தது. உள்ளே ஒரு விரல் வழித்தெடுத்த பள்ளம். உங்கள் அக்காவுக்குத் தலைவலி வந்து நான் பார்த்ததே இல்லை; தலைவலி என்று அவள் சொன்னால் அது என்னைப் பற்றித்தான் இருக்கும். ஆகவே எனக்கு வர வேண்டிய வலியை இந்த வீட்டில் வேறு யாரோ வாங்கிக்கொள்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அன்றைக்கு அந்த நாற்காலியைத் தாண்டிப் போகும்போது ஏனோ கொஞ்சம் ஒதுங்கி நடந்தேன்.

இங்கே ஒரு விஷயம். நாங்கள் குடிவந்தபோது படுக்கையறை அலமாரியில் ஒரு நீலச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. முன்பு இருந்தவர் விட்டுப்போனது. வந்து கேட்டால் கொடுக்கலாம் என்று உங்கள் அக்கா அதைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அதே இடத்தில் மாட்டிவைத்தாள். சாயங்காலம் நானும் பல் மருத்துவரும் பூங்காவில் நடந்துவிட்டுப் பெஞ்சில் உட்காருவது வழக்கம். அங்கே அந்த மனிதரைப் பற்றி விசாரித்தேன்.

“பாவம் சார், எப்பவும் தலையைப் பிடிச்சுக்கிட்டே இருப்பாரு. பல்லாலதான் வலின்னு எங்கிட்ட வந்து நல்ல பல்லு ரெண்டைப் பிடுங்கிக்கிட்டாரு.”

“வலி போச்சா?”

“பல்லுதான் போச்சு.”

“எப்ப காலி பண்ணிட்டுப் போனாரு?”

“காலி பண்ணலையே. வெளியே போனாரு. வரலை. ஓனர் சாமானை எல்லாம் எடுத்து வெச்சாரு. பேச்சே கிடையாது சார் அவருக்கு. எதிர்ல உட்கார்ந்தா நாம சொல்றதைக் கேட்டுக்கிட்டே இருப்பாரு. பல்லு பிடுங்குறப்பகூட கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.”

அன்றோடு குடிப்பதை நிறுத்தினேன். ஒருவருக்கு வலிக்க இன்னொருவன் குடிப்பது நியாயம் இல்லை. தவிர, பயமாகவும் இருந்தது. மிச்சமிருந்த பாட்டில்களைச் சமையலறைத் தொட்டியின் கீழே வைத்துக் கதவைச் சாத்தினேன். திறந்த பாட்டிலில் மட்டும் ஒரு கோடு போட்டேன், கை சும்மா இருக்காதே. விஷயம் அதோடு முடியவில்லை, மச்சான், அதற்குப் பிறகுதான் திரும்பியது. நான் ஒரு சொட்டும் தொடவில்லை, வைன் குறைகிறது. சாயங்கால நடையிலிருந்து திரும்பிவந்தால் வைன் கிளாஸும் தண்ணீர் கிளாஸும் கழுவிக் கவிழ்த்து ஈரமாக இருக்கின்றன. தலைவலி எனக்கு வருகிறது. காலையில்கூட இல்லை, சாயங்காலம், பூங்கா பெஞ்சில், பல் மருத்துவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, நெற்றிக்குள் அந்த அலமாரி நகரத் தொடங்குகிறது. முன்பு நான் குடித்தேன், அந்த நீலச் சட்டைக்காரருக்கு வலித்தது. இப்போது அவர் குடிக்கிறார், எனக்கு வலிக்கிறது. குறை சொல்ல வாயில்லை, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

உங்கள் அக்காவிடம், வீட்டை மாற்றிவிடலாம், அதுவரை தம்பி வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் தைலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, “நான் வரலை. எனக்கு இங்க நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

“பயமா இல்லையா உனக்கு?”

“எதுக்கு? நீங்க சாயங்காலம் எவ்வளவு நல்லா இருக்கீங்க. சொல்றதைக் கேட்டுக்கிட்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம. நடந்துட்டு வந்ததும்தான் இந்தப் பேய்க்கதையெல்லாம். எப்பவும் சாயங்காலம் மாதிரியே இருந்துட்டா எனக்கு வேற என்ன வேணும்?”

நடைக்குக் கிளம்பும் முன் நான் நாளிதழ் படிப்பதைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இப்படி மகிழ்ச்சியாக இருக்கிறவளை நான் எப்படிக் கிளப்புவது? உங்கள் பேச்சைத்தான் கேட்பாள். எதையாவது சொல்லிக் கூப்பிடுங்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொன்னாலும் சரி.

உங்கள் மனைவிக்கு என் விசாரிப்புகள். குழந்தைகள் நன்றாகப் படித்து, உடம்பில் ஒரு வலியும் இல்லாமல் நெடுநாள் வாழ என் ஆசிகள். உங்கள் கடையில் விற்கும் ஒவ்வொரு பாட்டிலும் வாங்கியவர் வீட்டிலேயே முடியட்டும்.

இப்படிக்கு,
தலையைத் துண்டால் கட்டிக்கொண்டு எழுதும்
உங்கள் அத்தான்

பி.கு.: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் முதலில் எழுந்து, தன் நாற்காலி முன்னால் இருந்த தண்ணீரைக் குடித்தது அவள்தானாம். ஏனோ அந்த நாட்களில் மட்டும் தலை வலித்ததாம். தைலமும் அவள் போட்டதுதான். நான் நிறுத்திய பிறகு, தம்பி அனுப்பியது வீணாகக் கூடாது என்று, நான் நடைக்குப் போகும் நேரத்தில் வைன் குடிப்பவளும் அவளே. தலைவலி வராமலிருக்க, நான் செய்ததைப் பார்த்து, ஒரு கிளாஸ் தண்ணீரை எதிரே என் நாற்காலி முன் வைத்துவிடுகிறாளாம். நானும் சிரித்தேன். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அப்போது அவள் சொன்னாள்: “சும்மா நடிக்காதீங்க. தினம் பாதி நடையில திரும்பி வந்து எதிர்ல உட்கார்ந்து அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டுத்தானே போறீங்க. நீலச் சட்டை உங்களுக்கு நல்லா இருக்குன்னு நான் சொன்னதிலிருந்து அதையே போட்டுக்கிட்டு வர்றீங்க.”

அந்த நேரத்தில் நான் பெஞ்சில் இருந்தேன் என்பதற்குப் பல் மருத்துவர் சாட்சி. போய் அலமாரியைத் திறந்து பார்த்தேன். சட்டை மாட்டிய இடத்தில்தான் இருக்கிறது. முழங்கை மடிப்புகள் கசங்கியிருக்கின்றன. கழுத்துப்பட்டியில் தைல வாசனை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று நான் நடைக்குப் போகவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, உங்கள் அக்கா மேஜையில் கிளாஸ் எடுத்து வைக்கிறாள். உடனே போன் செய்யுங்கள், மச்சான். இடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டாம். உங்கள் கணக்குப்படி மூன்று பேர் இருக்கும் மேஜையில் எத்தனை கிளாஸ் தண்ணீர் வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.