ஆட்டு மந்தையும் ஒரு ஃபேன் சுவிட்சும்

உதவி செய்தே தீருவேன் என்று நிற்கிற கணவனைவிடப் பெரிய ஆபத்து ஓர் ஓவியருக்குக் கிடையாது. என் மனைவி தமிழரசிக்கு அந்த ஆபத்து நான்தான்.

பனவடலிசத்திரம் பக்கம் மேய்கிற ஆடுகளை அவள் டேப்லட்டில் வரைவாள். அவற்றை மெல்லிய பருத்தித் துணியில் ஆள் உயரத்துக்கு டிஜிட்டல் பிரிண்ட் எடுத்து, கூரையிலிருந்து தொங்கவிட வேண்டும். வருகிறவர்கள் மந்தைக்குள் நடப்பதுபோல் நடக்க வேண்டும். இதுதான் அவள் ஆசை. சங்கரன்கோவில் சொந்தக்காரர்கள், இது சேலையா, திரைச்சீலையா என்று கேட்டார்கள். (நானும் கேட்டேன், மனதுக்குள்.) கல்யாண மண்டபத்து அண்ணாச்சி மட்டும், முகூர்த்தம் இல்லாத நாளில் மண்டபத்தைச் சும்மாவே கொடுத்தார். சொந்த ஊரில் அவளுக்கு அதுதான் முதல் கண்காட்சி.

ஃபேன் போடவே கூடாது என்று என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தாள். ஆனால் திறப்பு விழாவில் அண்ணாச்சியின் சட்டை நனைந்துவிட்டது. மண்டபம் கொடுத்த மனுஷருக்கு வேர்க்கலாமா? போய் சுவிட்சைத் தட்டினேன். (ரெகுலேட்டரையும் முழுசாகத் திருப்பினேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டுமே.)

முதல் ஆடு ஃபேனில் சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. எல்லா ஆடுகளையும் கோத்துக் கட்டியிருந்த கயிற்றை அது இழுக்க, மொத்த மந்தையும் அறுந்து அண்ணாச்சி தலையில் விழுந்தது. துணிக்கு அடியிலிருந்து ஓர் ஆடு இருமியது. தமிழரசியின் அப்பா என்னைப் பார்த்த பார்வையில், பெண்ணைத் திரும்ப அழைத்துப்போகும் உத்தேசம் தெரிந்தது.

தமிழரசி ஓடிவந்து ஃபேனை நிறுத்தி, அண்ணாச்சியை வெளியே எடுத்து உட்காரவைத்தாள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். (நான் அழுதுகொண்டுதான் இருந்தேன்.) அவளோ தரையில் குவிந்து கிடந்த துணியையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"மத்தியான வெயிலுக்கு ஆடு படுக்கத்தான செய்யும். படுத்தே கிடக்கட்டும். நீங்க நாற்காலிய எடுத்துப் போடுங்க" என்றாள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சாய்த்தும் கவிழ்த்தும், துணிகளை அவற்றின்மேல் போர்த்தினாள். கிழிந்த முனையை மடித்து ஒரு குட்டிக்குக் காது வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்டபம் நிறைய ஆடுகள் படுத்துக் கிடந்தன. சேலையா என்று கேட்டவர்களே செருப்பைக் கழற்றிவிட்டு, எதையும் மிதித்துவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் நடந்தேன். இவளையா கட்டியிருக்கிறோம் என்று மலைப்பாக இருந்தது.

கிளம்பும்போது அண்ணாச்சி அவளிடம் சொன்னார்: "அருமையா இருக்கு தாயி. ஆட்ட அவுத்து விடு, மாப்பிள்ளையக் கட்டிப் போடு."

இப்போதும் எங்கள் குடும்ப விசேஷங்களில் யாருக்காவது வேர்த்தால், நான் எழுந்திருக்கும் முன்பே நாலு பேர், "நீங்க இருங்க அத்தான், நாங்க போட்டுக்கிடுதோம்" என்று சுவிட்சுக்கு ஓடுகிறார்கள்.