பதினொரு பெயரைப் புள்ளியில் வெட்டிய படலம்

வாழ்க முனாப்! மருதமுனை ஈன்ற மடிக்கணினி மறவன், மூன்றாண்டு மென்பொருள் கற்ற முதுபெரும் வித்தகன், பருவம் பருவமாய் எல்லைக்கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தல் சுமந்து, இன்றைய கிரிக்கெட் இறுதியாட்டத்துக்கே முதன்முதலாய்ப் பதினொருவரில் ஒருவனான பொறுமைக்குன்றம், தன் முதுகில் தன் பெயர் பொறித்த சட்டை காண ஏங்கிய ஏக்கத்துக்குக் கீழைக்கடலும் கரை காணாது.

கல்முனை அச்சுக்கடைக்காரரின் கட்டளை ஒன்றே: ஜும்மாத் தொழுகைக்கு முன் வெறும் பெயர்கள் வரவேண்டும், வராவிடில் சட்டை இல்லை. ஆட்டக்காரர்களோ பாட்டனையும் தந்தையையும் முதலெழுத்துகளாய் முன்னே அணிவகுத்து, இடையிடையே புள்ளிகளைக் காவல் நிறுத்தி, எம்.ஐ.ஹாதிக் என்றும் எம்.எச்.எம்.முபாறக் என்றும் வாட்ஸ்அப் குழுவில் வந்து குவிந்திருந்தனர். புள்ளிதோறும் வெட்டிப் பெயரை மட்டும் கவர்ந்துவரும் கணினி நிரல் ஒன்றை எழுதத் துணிந்தான் வீரன்.

"பதினொரு பேர்தானே தம்பி, கையால அடிச்சா இதுக்குள்ள முடிஞ்சிரிக்கும்," என்றாள் அவன் அக்காள் றிபா.

"கையால அடிக்கவா ராத்தா நான் மூணு வருசம் படிச்ச?" என்று முழங்கினான் முனாப்.

முழங்கியவன் முதல் துண்டைக் கவர்ந்தான். பாதி அணி எம் ஆயிற்று, மறுபாதி ஏ ஆயிற்று. மூன்றாம் துண்டைக் கவர்ந்தான். ஹாதிக் அகப்பட்டான், முபாறக் மீண்டும் எம் ஆனான், ஒற்றை முதலெழுத்துக்காரன் ஒருவனிடம் மூன்றாம் துண்டே இல்லாமையால் நிரல் நடுவழியில் குப்புற விழுந்தது. பாங்கு நெருங்க, நெற்றி வியர்வை விசைப்பலகையில் சொட்ட, அவன் துண்டுகளைப் பின்னாலிருந்து எண்ணத் தொடங்கினான். எத்தனை புள்ளி வந்தாலென்ன, கடைசித் துண்டே பெயர்! ஹாதிக் வந்தான், முபாறக் வந்தான்; வெற்றிக்களிப்பில் எஞ்சியவற்றைப் பாராமலே பெயர்ப்பட்டியலைக் கடைக்கு ஏவிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினான்.

அஸர் தொழுகைக்குப் பின், கடற்காற்றுக் கொடியை அலைக்கழிக்கும் மைதானத்தில், அணித்தலைவன் ஹாதிக் ஒவ்வொரு சட்டையாய் விரித்துப் பெயர் கூவி வழங்கினான். கடைசிச் சட்டையின் முதுகு, விருந்து முடிந்து கழுவிக் கவிழ்த்த சஹன் தட்டைப்போல் வெறுமையாயிருந்தது.

"இது ஆர்ட?" என்றான் ஹாதிக்.

முனாப் கைபேசியில் குழுவைத் திறந்து பார்த்தான். ஐயகோ, ஒழுங்குக்குப் பேர்போன அவ்வித்தகன் தன் பெயரை எழுதி அதன் பின்னும் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தான்; அப்புள்ளிக்கப்பால் கிடந்த வெறுமையையே கடைசித் துண்டென்று கவர்ந்து சென்றிருந்தது அவனுடைய வெல்லற்கரிய நிரல். அவனுக்கு அழுகை முட்டியது.

"என்ட," என்று வாங்கிப் போட்டுக்கொண்டு பீல்டிங்குக்குப் போனான்.