ஸ்பைரல் போட்ட பாஸ்போர்ட்

"இந்த வருஷம் நான் ஐரோப்பா போறேன். தனியா போறேன். யார் தடுத்தாலும் போறேன்!"

காபி டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு ஜெராக்ஸ் கடைக்காரர் முழங்கினார். தடுக்க யாருமே முயலவில்லை என்பது வேறு விஷயம். மனைவி அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"தனியா எதுக்குங்க? நானும் வரேனே."

இதற்குப் பதில் தயாராக வைத்திருந்தார்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா? சட்டம் விடாதே! புருஷன் பொண்டாட்டி ஜோடியா கிளம்பினா அங்கேயே தங்கிடுவாங்கன்னு விசா தரமாட்டான். ஒருத்தர் ஜாமீனா வீட்ல இருக்கணும்."

"யார் இருக்கணும்னு சட்டத்துல இருக்கா?"

"அது அவங்கவங்க வசதி."

பச்சைப் பொய். பாவம், மாமனார் ஊரைத் தவிர வேறெங்கும் போகாத மனுஷன். "எங்க போறீங்க, எப்ப வருவீங்க" என்று கேட்க ஆளில்லாத தெருவில் ஒரு தடவையாவது நெஞ்சை நிமிர்த்தி நடக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆசைப்பட்டது தப்பா, நீங்களே சொல்லுங்கள்?

அவள் சண்டை போடவில்லை. அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க. ஆனா பாஸ்போர்ட் ஓரமெல்லாம் கசங்கியிருக்கே. அவ்வளவு தூரம் போயிட்டு வர்றதுக்குத் தாங்குமா?"

கசங்கியிருக்கா! கல்யாணப் பத்திரிகையையே லேமினேட் செய்து சுவரில் மாட்டியவரிடம் சொல்கிற பேச்சா இது? அன்றே கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். பாஸ்போர்ட்டின் தையலைப் பிரித்தார். ஒவ்வொரு தாளாக லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, நீலக் கலரில் ஸ்பைரலும் மாட்டிவிட்டார்.

விசா அலுவலகத்துக்கு மனைவியும் துணைக்கு வந்தாள். கவுண்ட்டர் பெண் டிக்கெட், ஹோட்டல் பதிவு, காப்பீடு எல்லாம் பார்த்துத் தலையாட்டினாள். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"சார், விசாவை இதுல எங்க ஒட்டறது?"

"மேலயே ஒட்டுங்க! மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது!"

"இது செல்லாது சார். புது பாஸ்போர்ட் எடுத்துட்டு வாங்க."

"செல்லாதா? இந்த வேலையில ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்! உங்க ஆபீஸ்ல இப்படி ஒரு ஃபினிஷிங் உண்டா?"

குரல் கூரையை முட்டியது. காவலாளி எழுந்து வந்தார். அப்போதுதான் பக்கத்துக் கவுண்ட்டரில் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

"நீங்க திரும்பி வருவீங்கன்னு என்ன உத்தரவாதம் மேடம்?"

"அதோ, கத்திட்டிருக்கார் பாருங்க, அவர்தான். வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுங்க. விட்டுட்டு எங்க போய் இருக்கிறது?"

அதிகாரி எட்டிப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் அவள் தாள்களை வாங்கிக்கொண்டார்.

"அடிப்பாவி! நீ எப்ப அப்ளை பண்ணினே?"

"நீங்க ஸ்பைரல் போட்டுட்டிருந்தப்ப. எங்க அக்காவும் வர்றா."

"கசங்கியிருக்குன்னு நீதானே சொன்னே!"

"கசங்கியிருக்குன்னு மட்டும்தானே சொன்னேன்?"

"நானும் புது பாஸ்போர்ட் எடுப்பேன்! கூடவே வருவேன்! யார் தடுத்தாலும் வருவேன்!"

"அதெப்படிங்க முடியும்? ஒருத்தர் ஜாமீனா வீட்ல இருக்கணுமே."

விசா வந்த அன்று நேரே அவர் கடைக்கே வந்தாள். தன் பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தாள்.

"ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க. ஜெராக்ஸ் மட்டும்."